சுவரைப் பார்த்து நிற்பவர்

யாராவது போனில் பின் நம்பர் போடப் போகிறார்கள் என்று தெரிந்தால் சித்தார்த்தன் நாற்காலியை விட்டு எழுந்து, திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கும். "ஆச்சுண்ணா" என்று குரல் வரும்வரை திரும்ப மாட்டார். சுவரில் அவர் மூக்குக்கு நேராக, ஒரு மளிகைக் கடை கொடுத்த போன வருஷத்துக் காலண்டர் தொங்குகிறது. ஓயாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பதால் போன வருஷத்து விடுமுறை நாட்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். இந்த வருஷத்துப் பண்டிகை எது என்றைக்கு என்று கேட்டால் விழிப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் பார்க்காமல் இருக்க இவ்வளவு பாடுபடுகிற அந்த நம்பர் அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்குத் தெரியும் என்பது போடுகிறவருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் திரும்பி நிற்பார், அவர்கள் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு போடுவார்கள். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

விஷயம் இதுதான். சித்தார்த்தன் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் டோக்கன் ஆபீசில் வேலை பார்த்தவர். ஷிப்டுக்கு இறங்குகிறவர்கள் கம்பி ஜன்னலுக்கு வந்து தங்கள் நம்பரைச் சொல்ல வேண்டும். அந்த நம்பர் பொறித்த பித்தளை வில்லையை ஆணியிலிருந்து எடுத்து இவர் கொடுப்பார். மேலே ஏறி வந்ததும் வில்லை ஆணிக்குத் திரும்ப வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். சம்பள நாளிலும் அதே நம்பர்தான். ஜன்னலில் சொன்னால் கவர் கைக்கு வரும். எல்லாம் நாலு இலக்கம்.

சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வில்லைகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. நம்பர்கள் மட்டும் எங்கேயும் போகவில்லை. கதவு நிலையில், டிபன் கேரியரின் அடியில், சில வீடுகளில் செத்துப்போனவரின் படத்துக்குக் கீழே கூட அந்த நம்பர் இருக்கிறது. பிறகு வீட்டுக்கு வீடு பெரிய போன் வந்தது. போனுக்குள் வங்கி வந்தது. உள்ளே நுழைந்த வங்கி, யாருக்கும் தெரியாத, உங்களுக்கு மறக்காத நாலு இலக்கம் ஒன்று போடுங்கள் என்று கேட்டது. லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த அத்தனை குடும்பமும் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் ஒரே காரியத்தைச் செய்தது. அப்பா நம்பரைப் போட்டது. மறக்காது என்ற பாதியை மட்டும் வங்கி கேட்டதாக நினைத்துக்கொண்டார்கள். ஆறு இலக்கம் கேட்கிற வங்கிகளுக்கு, அதன் முன்னால் வீட்டு நம்பரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்படியாக, ஒரு வட்டாரத்தின் பணப்பெட்டிச் சாவிகள் மொத்தமும் அறுபத்து மூன்று வயதான, சர்க்கரை வியாதியுள்ள ஒரு மனிதரின் தலைக்குள் வந்து சேர்ந்தன. அவர் கேட்டு வாங்கவில்லை.

நான் அவரை முதலில் பார்த்தது ஜெனிட்டாவின் கடையில். லைன் வீடுகள் முடிகிற முனையில் இருக்கிறது. ரீசார்ஜ், ஜெராக்ஸ், போனுக்குக் கண்ணாடி ஒட்டுவது எல்லாம் உண்டு. அங்கே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி சித்தார்த்தனுடையது. ஜெனிட்டா சம்பளம் எதுவும் தருவதில்லை, டீ மட்டும் தருவாள். அவரும் வேலை எதுவும் செய்வதாகச் சொல்வதில்லை. அப்பாவின் லைன் வீட்டுக்கு நான் குடிவந்த புதிதில் ரீசார்ஜ் செய்யப் போயிருந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க டிம்பர் மேஸ்திரி கௌதமன் மகன் தானே?"

"ஆமாங்க."

"மூக்கு அப்படியே கீது. போன்ல பேங்க் வெச்சிகீறீங்களா?"

"வச்சிருக்கேன்."

"நம்பர மாத்துங்க."

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் பங்காருபேட்டை தாண்டி ரயில் போய்க்கொண்டிருக்கும்போதுதான், என் பின் நம்பரும் அப்பாவின் டோக்கன் நம்பர் என்பது உறைத்து, சிரிப்பு நின்றது.

இந்த 'மாத்துங்க'வை அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடம், பால்குடம் தூக்கிப் போகிறவரிடம், புத்த விகாரையில் கண்மூடி உட்கார்ந்திருந்த ஒருவரிடம் கூட அவர் கண்ணைத் திறந்ததும் சொன்னதாகக் கேள்வி. ஒருவரும் மாற்றவில்லை. மாற்றினால் மறந்துபோகும். மறந்துபோனால் என்ன செய்வது? இப்போது மறந்தால் சித்தார்த்தனைக் கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் வாதத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பி நிற்கிற பழக்கம் சுரங்கத்தில் கற்றதல்ல. சுரங்கம் மூடிய பிறகு மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து, பெங்களூரில் ஓர் ஏடிஎம் வாசலில் காவலாளியாகப் பல வருஷம் நின்றார். உள்ளே ஆள் இருந்தால் முதுகைக் காட்டி ரோட்டைப் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. "மூஞ்சில வெயிலு, முதுகுல ஏசி. பாதி உடம்புக்குத் தான் ஜொரம் வரும்" என்பார். ரோடு இல்லாததால் இங்கே காலண்டர்.

மற்றபடி அவர் ஞாபகசக்தியைப் பற்றி யாரும் புகழ்ந்து பேச வேண்டியதில்லை. அவர் மனைவி யசோதராவிடம் கேட்டால் உண்மை தெரியும். "கடையில நாலு சாமான் சொல்லி அனுப்புனா ரெண்டு மறந்துட்டு வருவாரு. என் போன் நம்பரே தெரியாது அவருக்கு. செத்து மண்ணாப் போனவங்க நம்பரெல்லாம் மண்டையில கீது." ஸ்கூட்டர் ஒன்று கடையைத் தாண்டிப் போனால் அதன் நம்பர் பலகையில் பழைய டோக்கன் நம்பர் ஒன்றைப் பார்த்து, "தோ, ஜான்பீட்டர் போறாரு" என்பார். ஓட்டிக்கொண்டு போனவன் காய்கறிக்கார இளைஞனாக இருப்பான். ஜான்பீட்டர் காலமாகிப் பல வருஷமாகியிருக்கும்.

சித்தார்த்தன் வைத்திருப்பது பட்டன் போன். அதில் வங்கி கிடையாது. பென்ஷன் வந்ததா என்று பார்க்க அவர் மட்டும் பாஸ்புக்கை மடியில் கட்டிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை வங்கிக்குப் போய் வரிசையில் நிற்கிறார். ஊருக்கெல்லாம் ஆப் காட்டித் தருகிறவர் தாம் வைத்துக்கொள்ளாதது ஏன் என்று கேட்டேன்.

"என் நம்பர் ஊருக்கே தெரியுமே" என்றார்.

அதுவும் வாஸ்தவம். லைனில் பழைய ஆட்கள் அவரை இன்னமும் 'இருபத்தொண்ணு எழுபத்தஞ்சு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெண்களும் பிள்ளைகளும் சுருக்கமாக 'எழுபத்தஞ்சு'. பேர் சொல்லிக் கேட்டால் வீட்டைக் காட்டத் தெரியாதவர்கள் உண்டு. வேறு நாலு இலக்கம் வைத்துக்கொள்ளலாமே என்றேன். "இன்னொரு நம்பரா? எனக்கா?" என்று, இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

போனில் வங்கி வந்ததால் லைனுக்கு வந்த சௌகரியம் கொஞ்சநஞ்சமல்ல. முன்பு கரண்ட் பில் கட்ட ஒரு காலை நேரம் போகும், கேஸ் சொல்ல இன்னொன்று. இப்போது பால்காரர் சைக்கிளில் ஸ்கேன் செய்து பணம் போடுகிற சதுர அட்டை தொங்குகிறது, சர்ச் காணிக்கைப் பையில் தொங்குகிறது, மாரியம்மன் கோயில் உண்டியல் மேலும் ஒட்டியிருக்கிறது. இதையெல்லாம் இயக்குவதற்கு வயதானவர்கள் ஜெனிட்டா கடைக்கு வந்தார்கள். சித்தார்த்தன் போனைத் தொட மாட்டார். எங்கே தொட வேண்டும் என்று திரைக்குக் கொஞ்சம் மேலே விரலைப் பிடித்துக் காட்டுவார். "இத்த அமுக்குங்க. இப்ப அத்த. வெயிட் பண்ணுங்க, சுத்துது." பிறகு எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார்.

அப்படி வருகிறவர்களில் ஒருவர் தங்கம்மா. மெஷின் டிரில்லர் வேலுவின் மனைவி. வேலு இப்போது இல்லை. தங்கம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. அதனால் போனை மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு, போடுகிற எழுத்தையும் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுவார். சித்தார்த்தன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மெதுவாச் சொல்லும்மா, கடைக்கு வெளிய கேக்குது" என்பார். கண் ஆபரேஷனுக்குக் கோலார் போக அந்த அம்மாள் கணக்கில் ஒன்பதாயிரம் சேர்த்து வைத்திருந்தார்.

போன வருஷம் அந்த ஒன்பதாயிரம் ஒரே நாளில் காணாமல் போனது.

தங்கம்மாவின் மகன் விநாயக் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அம்மாவின் போனைப் பார்த்தவன், யாரோ ஊர்பேர் தெரியாத ஆளுக்குப் பணம் போயிருப்பதைக் கண்டான். பின் நம்பர் சரியாகப் போட்டுத்தான் போயிருக்கிறது. போனை யாரிடம் கொடுத்தாய் என்று அம்மாவைக் கேட்டான். யாரிடமும் கொடுக்கவில்லை, கேஸ் புக் பண்ண எழுபத்தஞ்சு அண்ணனிடம் காட்டினதோடு சரி என்றார். அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரே கடைக்கு வந்தான். பிறந்ததிலிருந்து சித்தார்த்தனை மாமா என்று கூப்பிட்டவன் அன்றைக்கு, "சார்" என்றான்.

"சார், எங்கம்மா பின் நம்பர் உங்களுக்குத் தெரியுமா?"

உலகம் தெரிந்த எந்த மனிதரும் தெரியாது என்று சொல்லியிருப்பார்.

"தெரியும்பா" என்றார் சித்தார்த்தன்.

"எப்படி?"

"உங்க நைனா நம்பரு. உன் போனுக்கும் அதானே வெச்சிகீற? உனுக்கும் மாத்தச் சொன்னேனே."

கடையில் அப்போது நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம். எல்லார் கையும் ஒரே நேரத்தில் அவரவர் போன் இருக்கும் இடத்துக்குப் போயிற்று. என் கையும் போயிற்று. மாற்றச் சொன்னவரும் அவர்தானே என்று அந்த நிமிஷம் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சித்தார்த்தன் அதைப் பார்த்தார். முதன்முறையாக அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"பதினஞ்சு வருசம் டோக்கன் குடுத்தேன் விநாயக். ஒருத்தன் நம்பர இன்னொருத்தன் கையில குடுத்ததில்ல. மாறிப்போனா இன்னா ஆவும் தெரியுமா? உள்ள பாறை வெடிச்சிச்சின்னா, மேல தப்பான வூட்ல போயி அழச் சொல்லிடுவாங்க."

"அதெல்லாம் அப்போ சார். இப்போ காசு எங்க போச்சு?"

தங்கம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

அந்த வாரம் லைன் முழுவதும் நம்பரை மாற்றியது. இத்தனை வருஷம் அவர் கெஞ்சியும் நடக்காதது அவர்மேல் சந்தேகம் வந்ததும் நடந்துவிட்டது. பலர் கல்யாண வருஷத்தைப் போட்டார்கள். புருஷனும் மனைவியும் வேறுவேறு வருஷம் சொன்ன வீடுகளில் வங்கிக்குச் சம்பந்தமில்லாத சண்டைகள் நடந்தன. நானும் மாற்றினேன். மாற்றியதை மறந்து, தப்பாகப் போட்டுப் போட்டு ஆப் பூட்டிக்கொண்டது. பால்காரரிடம் கடன் சொன்னேன். பேக்கரி கரோலின் மட்டும் பழக்கதோஷத்தில் நேராகக் கடைக்கு வந்து, "அண்ணா, என் நம்பர் இன்னா?" என்று கேட்டுவிட்டாள்.

"மாத்திட்டீங்களேம்மா. எனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். குத்திக் காட்டவில்லை, தகவலாகத்தான் சொன்னார். கரோலின்தான் முகம் சிவந்து போனாள்.

அதற்கப்புறம் அவரிடம் யாரும் வரவில்லை. கடைக்கு வந்தவர்கள் ஜெனிட்டாவிடம் மெல்லப் பேசிவிட்டுப் போனார்கள். திரும்பி நிற்க வேண்டிய அவசியம் இல்லாததால் அவர் நாள் முழுவதும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "நான் வர்றது உன் வியாபாரத்துக்குப் பேஜார்னா சொல்லிடும்மா" என்று ஜெனிட்டாவிடம் கேட்டார். "சும்னே உக்காருங்க அங்கிள், டீ ஆறுது" என்றாள் அவள். ஆனால் அவளும் நம்பரை மாற்றியிருந்தாள். அது அவருக்கும் தெரியும்.

ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எல்லா நம்பரையும் மறந்துவிட முயற்சி செய்வதாகச் சொன்னார்.

"எப்படிங்க?"

"படுக்கும்போது ஒவ்வொரு நம்பரா சொல்லி, இத்த மறக்கணும், இத்த மறக்கணும்னு நெனச்சிக்கிறேன்."

"மறக்குதா?"

"நல்லாப் பதிஞ்சிடிச்சி" என்றார்.

சிரிக்கத்தான் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது சிரிக்க முடியவில்லை. திருடன் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இல்லையென்றாவது சொல்லியிருப்பார். அந்த வாய்ப்பையும் கொடுக்காமல் நாங்கள் எல்லோரும் ரொம்ப நாசூக்காக நடந்துகொண்டோம்.

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். தங்கம்மா காதில் போனோடு கடைக்குள் வந்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் அங்கே வந்தது அன்றைக்குத்தான். சித்தார்த்தன் பக்கம் பார்க்காமல் ஜெனிட்டாவிடம் போனை நீட்டினார்.

"ஜெனிட்டா, கட்டில் வாங்கினவரு லைன்ல கீறாரு. பாக்கித் துட்டு போடறாராம். நம்பர் போடச் சொல்றாரு. விநாயக் புதுசா இன்னாவோ வெச்சிட்டுப் போனான், மறந்துட்டேன். எதனா போட்டுப் பாக்கட்டா?"

நம்பர் என்ற சொல்லைக் கேட்டதும் சித்தார்த்தன் எழுந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. எழுந்து, திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"எந்தக் கட்டில்?" என்றாள் ஜெனிட்டா.

வேலுவின் தேக்குக் கட்டில். அதை விற்கக் கூடாது, அப்பா படுத்தது என்று விநாயக் சொல்லியிருந்தான். வீட்டில் நடக்க இடமில்லாததால், அவனுக்குத் தெரியாமல் கட்டிலைப் படமெடுத்து இன்டர்நெட்டில் போடும்படி பக்கத்து வீட்டுச் சுனிதாவிடம் சொல்லியிருந்தார் தங்கம்மா. எவனோ கூப்பிட்டான், பேரமே பேசாமல் பதினெட்டாயிரம் என்றான். இப்போது பாதிப் பணம் அனுப்பியிருக்கிறேன், நம்பரைப் போட்டால் கணக்கில் ஏறிவிடும், வண்டி கிடைத்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். போனில் ஏதோ வந்தது. புரை விழுந்த கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை, நம்பர் போடுகிற கட்டம் தெரிந்தது. போட்டார். மகன் திட்டுவான் என்று கட்டிலைப் பற்றிச் சொல்லவில்லை. கட்டில் பணம் வந்துவிட்டது, சேர்த்து வைத்த பணம் தனியாகத் தொலைந்தது என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஜெனிட்டா போனைப் பிடுங்கி அணைத்தாள். "ஆன்ட்டி! பணம் வர்றதுக்கு யாராவது பின் போடுவாங்களா? போறதுக்குத் தான் பின். நீங்களே அவனுக்கு அனுப்பிட்டீங்க!"

தங்கம்மாவுக்கு அது விளங்கவே இல்லை. "இன்னாம்மா பேசற? துட்டு வாங்கறதுக்குத் தானே நம்பர் சொல்லணும்? சம்பள நாள்ல எங்க வூட்டுக்காரர் ஜன்னல்ல நம்பர் சொல்லித் தானே வாங்கினாரு? சொல்லாம எவன் குடுத்தான்?"

சுவர்ப் பக்கமிருந்து சித்தார்த்தனின் குரல் வந்தது.

"அது கரெக்டு தான். நம்பர் சொன்னாத் தான் கவர் குடுப்போம்."

புகார் கொடுத்தாயிற்று. ஜெனிட்டாவே போன் செய்து, தகவல் சொல்லி, ரசீது எண்ணும் வாங்கிக் கொடுத்தாள். பணம் இதுவரை வரவில்லை. விநாயக் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து கடை வாசலில் கொஞ்ச நேரம் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "மாமா, டீ சாப்பிடறீங்களா?" என்றான். "சர்க்கரை இல்லாம" என்றார் சித்தார்த்தன். அந்த விவகாரம் அவர்களுக்குள் அத்தோடு முடிந்தது. கட்டில் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, தங்கம்மா பக்கவாட்டில் நடந்து போய்க்கொண்டிருக்கிறார்.

லைன் ஜனங்களும் ஒவ்வொருவராக நாற்காலிக்குத் திரும்பி வந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, சும்மா கேஸ் புக் பண்ண வந்தார்கள். அவரும் ஒன்றும் கேட்கவில்லை, "இத்த அமுக்குங்க" என்றார்.

கடைசியாகத் தங்கம்மா வந்தார். மகன் வைத்த நம்பர் மனசில் நிற்கவே மாட்டேன் என்கிறது, மாற்ற வேண்டும் என்றார். நானும் இருந்தேன், கரோலினும் இருந்தாள். ஜெனிட்டா வேண்டியதை எல்லாம் செய்து போனைத் தங்கம்மா கையில் கொடுத்தாள். "பழைய நம்பரே வெக்காதீங்க ஆன்ட்டி. யாருக்கும் தெரியாத நம்பரா, உங்களுக்கு மறக்காத நம்பரா வைங்க."

சித்தார்த்தன் எழுந்து சுவரைப் பார்த்து நின்றார். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். தங்கம்மா போனை மூக்குக்கு அருகில் கொண்டுபோய், வழக்கம்போல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டார்.

"ரெண்டு... ஒண்ணு... ஏழு... அஞ்சு."

கரோலின் என்னைப் பார்த்தாள். இருபத்தொண்ணு எழுபத்தஞ்சு, ஊருக்கே தெரிந்த நம்பர். ஜெனிட்டா தலையில் கை வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, இது..." என்று ஆரம்பித்தாள்.

"ஆச்சுண்ணா" என்றார் தங்கம்மா.

சித்தார்த்தன் திரும்பவில்லை. மாத்துங்க என்று சொல்லவும் இல்லை. காலண்டரைப் பார்த்தபடியே, பின்னால் கோத்திருந்த கைகளில் ஒன்றை மட்டும் விடுவித்து, பேச வேண்டாம் என்று ஜெனிட்டாவுக்குக் காட்டினார்.